விமானம் ஏறி வரும் விதைப்பொட்டலம்

துபாய், தோஹா, மஸ்கட்டிலிருந்து திருவனந்தபுரத்தில் இறங்கும் விமானங்களில் குமரி மாவட்டத்தின் முட்டம், கடியபட்டணம், குளச்சல் பக்கத்து ஆட்கள் எப்போதும் இருப்பார்கள். வளைகுடாவில் மீன்பிடிப் படகில் வேலை பார்ப்பவர்கள், ஆஸ்பத்திரி நர்சுகள், கம்பெனி டிரைவர்கள். அவர்களின் பெட்டிகளில் பேரீச்சம்பழத்துக்கும் பால்பவுடருக்கும் நடுவே இப்போதெல்லாம் வண்ணப்படம் அச்சடித்த விதைப்பொட்டலமும் இருக்கிறது. ஊதா நிறத் தக்காளி, மஞ்சள் சுக்கினி, விரல் நீள வெள்ளரி, இத்தாலியத் துளசி. ஊரில் மாடித்தோட்டம் வைத்திருக்கும் அக்காவோ மாமியாரோ வாட்ஸ்அப்பில் படத்தை அனுப்பி, “வரும்போ இதக் கொண்டு வா மக்கா” என்று சொல்லியிருப்பார்கள்.

ஆசையில் தவறில்லை. பொட்டலத்தின் எடை பத்து கிராம்கூட வராது. ஆனாலும் சட்டத்தின் கண்ணில் அது ஓர் இறக்குமதிச் சரக்கு. கப்பலில் வரும் ஒரு டன் விதைக்கு என்ன கேள்வி உண்டோ, சட்டைப்பையில் வரும் இருபது விதைக்கும் அதே கேள்விதான். வீட்டுத் தோட்டக்காரர் முதலில் மனதில் வாங்க வேண்டியது இதைத்தான்.

சட்டம் நிற்கும் இடம்

இந்தியாவில் இதற்கான அடித்தளம் 1914ஆம் ஆண்டின் அழிவு செய்யும் பூச்சிகள் மற்றும் பீடைகள் சட்டம். அதன்கீழ் இன்று நடைமுறையில் இருப்பது, 2003ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணை. இறக்குமதியை ஒழுங்குபடுத்தும் இந்த ஆணையை நடத்துவது, ஹரியானா மாநிலம் ஃபரிதாபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய பயிர்ப் பாதுகாப்பு இயக்ககம். பேச்சுவழக்கில் எல்லோரும் ‘பிளான்ட் குவாரண்டைன்’ என்பார்கள். தமிழ்நாட்டுக்கான மண்டல நிலையம் சென்னை மீனம்பாக்கத்தில், ஜி.எஸ்.டி. சாலையில் இருக்கிறது. தூத்துக்குடியிலும் ஒரு நிலையம் உண்டு.

நடவுக்காக விதை கொண்டுவர இரண்டு தாள்கள் வேண்டும். ஒன்று, இந்திய அரசின் இறக்குமதி அனுமதி. இது சரக்கு கிளம்புவதற்கு முன்பே கையில் இருக்க வேண்டும். விமானம் இறங்கிய பிறகு விண்ணப்பிக்கலாம் என்ற வழி கிடையாது. இன்னொருவர் பெயருக்கு மாற்றவும் முடியாது. மற்றது, விதை புறப்படும் நாட்டின் அரசு வேளாண் துறை தரும் தாவர சுகாதாரச் சான்றிதழ். அலுவலகங்களில் இதை ‘பைட்டோசானிட்டரி’ என்பார்கள். விதை விற்ற கம்பெனி தன் லெட்டர்பேடில் ‘நோயற்ற விதை’ என்று எழுதிக் கொடுப்பது இந்தச் சான்றிதழ் ஆகாது. பொட்டலத்தில் ‘ஆர்கானிக்’ முத்திரை இருப்பதும் ஆகாது. எந்த நாட்டிலும் இதை வழங்கும் உரிமை, 1951இல் உருவான பன்னாட்டுத் தாவரப் பாதுகாப்பு ஒப்பந்தத்தின்படி, அரசு அமைப்புக்கே உண்டு.

இதற்கு மேலும் ஒரு நுணுக்கம் உண்டு, தெரியாதவர்கள் பலரும் தடுக்கி விழுவது அங்கேதான். ஆணையின் அட்டவணைகளில் எந்தப் பயிரின் விதை, எந்த நாட்டிலிருந்து, என்ன கூடுதல் உறுதிமொழியுடன் வரலாம் என்று வரிசையாக எழுதியிருக்கிறது. ஒரு நாட்டின் தக்காளி விதைக்கு அனுமதி இருக்கும். பக்கத்து நாட்டின் தக்காளி விதை பட்டியலிலேயே இருக்காது. சான்றிதழில் ‘இன்ன வைரஸ் இல்லை’ என்று பெயர் சொல்லி எழுதச் சொல்லியிருந்தால் அந்த வரி அப்படியே இருக்க வேண்டும். பட்டியலில் இல்லாத பயிரோ நாடோ என்றால் முதலில் பூச்சி அபாய ஆய்வு நடக்க வேண்டும். வீட்டுத் தோட்டத்துக்கு இருபது விதை கேட்பவர் காத்திருந்து கடக்கக்கூடிய பாதை அல்ல அது. ஆகவே விதையைத் தேர்ந்தெடுக்கும் முன்பே பயிரின் அறிவியல் பெயரையும் நாட்டையும் வைத்து அட்டவணையைப் பார்த்துவிடுவது உத்தமம். அட்டவணை இயக்ககத்தின் இணையதளத்தில் எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது.

நுழைவிடமும் முக்கியம். நடவுக்கான விதையும் செடியும் அமிர்தசரஸ், சென்னை, கொல்கத்தா, மும்பை, புது டெல்லி ஆகிய மண்டல நிலையங்கள் வழியாகவும், அரசு தனியாக அறிவிக்கும் இடங்கள் வழியாகவுமே வரலாம். திருவனந்தபுரம் முட்டத்துக்குப் பக்கம் என்பதால் அங்கேயே விடுவித்துக்கொள்ளலாம் என்று நினைத்துவிடக் கூடாது. அனுமதித் தாளில் எந்த நுழைவிடம் எழுதியிருக்கிறதோ அங்கேதான் விதை இறங்க வேண்டும்.

சாப்பிடக் கொண்டுவரும் சிறிதளவு பழம், காய்க்கு ஆணையில் சலுகை இருக்கிறது. அதுவும் சோதனைக்கு உட்பட்டதே. விதைக்கு அந்தச் சலுகையை நீட்ட முடியாது. சுங்கத் துறையின் பயணி அறிவிப்புப் படிவத்தில் விதை, செடி, பழம், பூ, நடவுப்பொருள் கொண்டுவருகிறீர்களா என்று ஒரு கேள்வி தனியாகவே உண்டு. ‘இல்லை’ என்று எழுதிவிட்டு ஸ்கேனரில் மாட்டிக்கொள்வதைவிட, உண்மையை எழுதிப் பொட்டலத்தை மேஜையில் வைத்துவிடுவது எவ்வளவோ மேல். அனுமதியில்லாத விதை திருப்பி அனுப்பப்படும் அல்லது அழிக்கப்படும். இழப்பு அந்தப் பொட்டலத்தோடு போய்விடும்.

மரச்சீனி சொல்லும் கதை

இவ்வளவு கெடுபிடி ஏன் என்று கேட்பவருக்குப் பதில் குமரி மாவட்டத்து விளைகளிலேயே நிற்கிறது.

மரச்சீனி, அதாவது மரவள்ளி, இந்த மண்ணுக்குச் சொந்தம் இல்லை. தென் அமெரிக்காவிலிருந்து போர்த்துகீசியர் வழியாக மேற்குக் கரைக்கு வந்தது. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் அதை ஏழைகளின் உணவாகப் பரப்பினார். இரண்டாம் உலகப்போரின்போது பர்மா அரிசி நின்றுபோனதும் திருவிதாங்கூர் மக்களின் வயிற்றைக் காத்தது அந்தக் கிழங்குதான். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடு இருந்த குமரிக்கும் அந்தக் கதையில் பங்கு உண்டு. மீன்குழம்பும் மரச்சீனியும் இல்லாத முட்டத்து வீட்டை நினைத்துப் பார்க்க முடியுமா? மிளகாயும் தக்காளியும் பப்பாளியும்கூட இப்படிக் கடல் தாண்டி வந்தவையே. வெளியூர் விதையே வேண்டாம் என்று இந்தக் கரையில் நின்று யாராலும் சொல்ல முடியாது.

ஆனால் பயிர் வந்த அதே கடல்வழியில் அதன் எதிரியும் ஒருநாள் வரும். மரச்சீனியின் தாயகமான தென் அமெரிக்காவில் அதற்கென்றே ஒரு மாவுப்பூச்சி இருக்கிறது. 1970களில் அது ஆப்பிரிக்காவுக்குள் நுழைந்து, கிழங்கையே நம்பியிருந்த நாடுகளைப் பட்டினியின் விளிம்புக்குத் தள்ளியது. பராகுவேயில் அந்தப் பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும் ஒரு நுண்ணிய குளவியைத் தேடிக் கண்டுபிடித்து, ஆப்பிரிக்கா முழுதும் வளர்த்துவிட்ட பிறகுதான் நிலைமை கட்டுக்குள் வந்தது. அந்த முயற்சியை முன்னின்று நடத்திய ஹான்ஸ் ஹெரனுக்கு 1995இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது.

அதே மாவுப்பூச்சி 2020இல் கேரளத்தின் திருச்சூரில் தென்பட்டது. கொஞ்ச நாளிலேயே சேலம், நாமக்கல் பக்கத்து மரவள்ளிக் காடுகளில் குருத்துகள் சுருண்டு நின்றன. பெங்களூருவில் உள்ள தேசிய வேளாண் பூச்சிவள நிறுவனம் அதே குளவியை மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து வரவழைத்தது. அதுவும் எடுத்தவுடன் வயலில் விடப்படவில்லை. அனுமதி வாங்கி, மூடிய ஆய்வகத்தில் வைத்துச் சோதித்து, வேறு எந்த நல்ல பூச்சிக்கும் கேடு செய்யாது என்று உறுதியான பிறகே 2022இல் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் விடுதலை செய்தார்கள். பயிரைக் காப்பாற்ற வந்த குளவிக்கே இத்தனை சோதனை என்றால், விதைக்குக் கேட்பது அதிகம் இல்லை.

பப்பாளி மாவுப்பூச்சியின் கதையும் ஏறக்குறைய இதுதான். 2008இல் கோவையில் தெரிந்தது. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று பரவியது. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகள் வந்த பிறகு அடங்கியது. வாழையைச் சுருங்கவைக்கும் முடிக்கொத்து வைரஸ் 1940வாக்கில் இலங்கையிலிருந்து கேரளத்துக்கு வந்து, பின்னாளில் பழனி மலையின் விருப்பாச்சி வாழைத் தோட்டங்களை அழித்தது. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற கன்னியாகுமரி மட்டி வாழைக்கும் அந்த வைரஸ் இன்றுவரை எதிரி.

நேர்மையாகச் சொன்னால், இந்த மூன்றும் விதையால் வந்தவை அல்ல. மாவுப்பூச்சி தண்டிலும் காயிலும் ஒட்டிக்கொண்டு பயணம் செய்யும். முடிக்கொத்து நோய் வாழைக்கன்றோடு வரும். அதனால்தான் துண்டுத் தண்டு, கிழங்கு, கன்று, மண்ணோடு கூடிய செடி ஆகியவற்றுக்கு விதையைவிடக் கடுமையான விதிகள். ‘ஒரு குச்சிதானே’ என்று ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவரும் அத்திக் குச்சியும் திராட்சைக் குச்சியும் விதைப்பொட்டலத்தைவிடப் பல மடங்கு ஆபத்து. மண்ணைப் பொறுத்தமட்டில் பேச்சுக்கே இடமில்லை. வேரோடு ஒட்டிய ஒரு பிடி மண்ணில் நூற்புழு, பூஞ்சாணம், களைவிதை எல்லாம் குடியிருக்கும்.

விதைக்குள் ஒளிந்திருப்பவை

விதையாலேயே வரும் நோய்களும் உண்டு. கண்ணால் பார்த்தால் தெரியாது என்பதால் அவற்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

2014, 2015 ஆண்டுகளில் இஸ்ரேலிலும் ஜோர்டானிலும் பசுமைக்குடில் தக்காளிகளில் ஒரு புதிய வைரஸ் தெரிந்தது. பழத்தில் பழுப்புத் திட்டும் சொரசொரப்பும் தோன்றும். இலையில் தேமல் ஓடும். தக்காளியின் பழுப்புச் சொரசொரப்பு வைரஸ் என்று அழைக்கலாம். அதுவரை இந்த இன வைரஸ்களைத் தடுத்து நிறுத்திய எதிர்ப்பு மரபணு இதன் முன் வேலை செய்யவில்லை. விதையின் மேலுறையில் ஒட்டிக்கொண்டு நாடுவிட்டு நாடு போகும். ஒருமுறை தோட்டத்துக்குள் வந்துவிட்டால், கவாத்து செய்யும் கத்தி, கட்டும் கயிறு, தொடும் விரல் எல்லாமே அதைப் பரப்பும். மாதக்கணக்கில் உயிர்ப்போடு கிடக்கும். மருந்து கிடையாது. ஐரோப்பா, வட அமெரிக்கா, சீனா என்று பரவியது. 2024இல் தெற்கு ஆஸ்திரேலியா மாநிலத்திலும் கண்டுபிடிக்கப்பட்டது. மிளகாயையும் விடாது என்பதுதான் நமக்குக் கூடுதல் கவலை.

ஆஸ்திரேலியா இதற்கு முன்பே ஒரு பாடம் படித்திருந்தது. 2014இல் அதன் வட பிரதேசத்தில், கேத்தரின் ஊர்ப் பக்கத்துத் தர்பூசணிப் பண்ணைகளில் வெள்ளரிப் பச்சைத் தேமல் வைரஸ் வெடித்தது. விதையோடு வந்திருக்கலாம் என்ற முடிவுக்கு வந்து, வெள்ளரி இன விதைகளைப் பரிசோதிக்காமல் உள்ளே விடுவதில்லை என்று விதியை இறுக்கினார்கள்.

களைவிதைகளின் கதை நமக்கு இன்னும் நெருக்கம். 1950களில் அமெரிக்காவிலிருந்து வந்த கோதுமையோடு கலந்து வந்து, முதலில் புனேயில் தெரிந்த பார்த்தீனியம் இன்று நாடெங்கும் சாலையோரத்தில் நிற்கிறது. தொட்டால் அரிப்பு, மூச்சிரைப்பு. அந்த விதை மணலைப் போல அத்தனை சிறியது. ஆணையில் தனிமைப்படுத்த வேண்டிய களைகளுக்கென்றே ஓர் அட்டவணை வைத்திருப்பதன் காரணம் புரியும். ‘காட்டுப்பூக் கலவை’, ‘பறவைத் தீவனம்’ என்ற பெயரில் விற்கும் வெளிநாட்டுப் பொட்டலங்களை ஒருபோதும் விதைக்கக் கூடாது. உள்ளே என்ன இருக்கிறது என்று தயாரித்தவருக்கே முழுதாகத் தெரிந்திருக்கும் என்று சொல்ல முடியாது.

பூக்கலவைகளில் இன்னொரு வில்லங்கம். கசகசாச் செடியை மேலை நாடுகளில் அழகுக்காகவும் வளர்ப்பார்கள். இந்தியாவில் அதே செடியை உரிமம் இல்லாமல் வளர்ப்பது 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி குற்றம். எதிர்த்திசையில் போகும்போதும் கவனம் தேவை: வளைகுடாவுக்குச் சமையல் சாமான் கட்டும்போது கசகசாவைத் தவறியும் வைக்கக் கூடாது. ஐக்கிய அரபு அமீரகத்தில் அது தடைசெய்யப்பட்ட பொருள்; சிறைக்குப் போகும் அளவுக்கு விஷயம் பெரிதாகும்.

ஊதாத் தக்காளி இரண்டு வகை

முன்னே சொன்ன ஊதாத் தக்காளிக்குத் திரும்பலாம். ஒரே நிறத்தில் சட்டம் இரண்டாகப் பிரியும் இடம் இது. அமெரிக்காவின் ஓரிகான் மாநிலப் பல்கலைக்கழகம் 2012இல் வெளியிட்ட ‘இண்டிகோ ரோஸ்’, காட்டுத் தக்காளி இனங்களோடு கலப்புச் செய்து வழக்கமான முறையில் உருவான ரகம். தோல் மட்டும் கருநீலமாக இருக்கும். 2024 முதல் அமெரிக்காவில் வீட்டுத் தோட்டக்காரர்களுக்கென்றே விற்கப்படும் ‘பர்ப்பிள் டொமேட்டோ’ வேறு. அது ஒரு பூச்செடியின் மரபணுவைப் புகுத்தி உருவாக்கியது. சதையும் ஊதாவாக இருக்கும். அங்கே சட்டப்படி வாங்கலாம் என்பதால் இங்கே கொண்டுவரலாம் என்று ஆகாது. மரபணு மாற்றிய எந்த விதையும் இந்தியாவுக்குள் வர, சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 1989இல் வந்த விதிகளின்படி, மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழுவின் ஒப்புதல் வேண்டும். தனிநபர் பத்து விதைக்காக அதைப் பெறுவது நடக்கிற காரியம் இல்லை.

வழுதலங்காய் எனும் கத்தரிக்கும் இது பொருந்தும். மரபணு மாற்றிய பிடி கத்தரியை இந்தியா 2010 பிப்ரவரியில் நிறுத்திவைத்தது. வங்கதேசம் 2013இல் அனுமதித்தது. அங்கிருந்து வரும் நண்பர் கொடுக்கும் கத்தரி விதை எந்த வகை என்று இலையைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. ஹவாய்த் தீவின் பப்பாளியில் பெரும்பகுதி வைரஸைத் தாங்க மரபணு மாற்றியது. ஆகவே அங்கே தின்ற பழத்தின் விதையைக் காயவைத்துக் கொண்டுவருவதும் வம்புதான்.

அனுமதி கேட்டே தீருவேன் என்பவருக்கு

சிலருக்கு வேறு வழியே இல்லாமல் இருக்கலாம். இந்தியாவில் எங்குமே கிடைக்காத ஒரு ரகம். அதை வளர்த்துப் பார்க்க உண்மையான காரணம். அவர்களுக்குச் சட்டம் கதவை அடைக்கவில்லை. விண்ணப்பம் இணையம் வழியாகவே. பயிரின் அறிவியல் பெயர், ரகம், அளவு, நாடு, அனுப்புபவர், நுழைவிடம் எல்லாம் துல்லியமாக இருக்க வேண்டும். ‘தக்காளி விதை, கலப்பு’ என்று எழுதினால் அங்கேயே நின்றுவிடும்.

கூடவே ஒரு சட்ட நுணுக்கம். வெளிநாட்டு வணிகக் கொள்கைப்படி இறக்குமதி செய்பவருக்கு ஐ.இ.சி. எனும் இறக்குமதி-ஏற்றுமதிக் குறியீட்டு எண் வேண்டும். சொந்த உபயோகத்துக்கு விலக்கு உண்டு. ஆனால் அந்த விலக்கு ‘வணிகம், உற்பத்தி, வேளாண்மை ஆகியவற்றோடு தொடர்பில்லாத’ சொந்த உபயோகத்துக்கு என்றே எழுதப்பட்டிருக்கிறது. மொட்டைமாடியில் பத்துத் தொட்டி வைப்பது வேளாண்மையா, பொழுதுபோக்கா? பதிலைத் தானாக முடிவு செய்யாமல், பணம் கட்டுவதற்கு முன்பே சுங்க அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுப் பெறுவது நல்லது.

அடுத்து விற்பவரிடம் கேட்க வேண்டும்: தாவர சுகாதாரச் சான்றிதழ் எடுத்துத் தருவீர்களா? பெரும்பாலான சிறு விற்பனையாளர்கள் கைவிரித்துவிடுவார்கள். தருபவர்களும் சான்றிதழுக்குத் தனிக்கட்டணம் கேட்பார்கள். அது விதையின் விலையைப் பல மடங்கு தாண்டும். பொட்டலத்தில் வைக்கோலோ மண்ணோ எதுவும் இருக்கக் கூடாது. ஒரு பொட்டலத்தில் ஓர் இனம் மட்டுமே; மேலே பெயர் அச்சாகியிருக்க வேண்டும். இங்கே வந்திறங்கியதும் மாதிரி எடுத்துப் பரிசோதிப்பார்கள். இருபது விதைதான் இருக்கிறது என்றால் பரிசோதனைக்கே பாதி போய்விடலாம். அனுப்பச் சொல்லும்போதே அதைக் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கூரியரில் வரவழைத்தால் எளிது என்று எண்ணுபவர்கள் உண்டு. செடியினங்களுக்கும், பரிசோதனைக்கு அனுப்ப வேண்டிய பொருள்களுக்கும் கூரியர் வழியாக விரைவாக விடுவிக்கும் முறையில் சுங்க விதிகள் இடம் தருவதில்லை. ‘பரிசு’ என்று எழுதி அனுப்பச் சொல்வதும் பழைய பழக்கம். பரிசுப் பார்சலுக்கு இருந்த தீர்வைச் சலுகை, ராக்கியும் உயிர்காக்கும் மருந்தும் தவிர மற்றவற்றுக்கு, 2019 டிசம்பரிலேயே எடுக்கப்பட்டுவிட்டது. சலுகை இருந்த காலத்திலும் அது வரிக்குத்தான். பிளான்ட் குவாரண்டைனுக்கு அல்ல.

உலகம் முழுக்க இதே கண்டிப்புதானா என்றால், முறைகள் மாறும். அமெரிக்கா தன் தோட்டக்காரர்களுக்காகச் சிறு அளவு விதைக்கென்று ஓர் அனுமதி வைத்திருக்கிறது: பொட்டலத்துக்கு 50 விதை, ஒரு பார்சலுக்கு 50 பொட்டலம் என்ற எல்லைக்குள் பல இனங்களுக்குச் சுகாதாரச் சான்றிதழ் கேட்பதில்லை; அனுமதி மட்டும் முன்கூட்டி வாங்க வேண்டும். நியூஜெர்சியில் இருக்கும் மகளுக்குப் பீர்க்கங்காய் விதை கொடுத்தனுப்பும் குமரி மாவட்டத்து அம்மாக்கள் இதைத் தெரிந்துகொண்டால் விமான நிலையத்தில் பிள்ளைக்குத் தலைகுனிவு வராது. ஐரோப்பிய ஒன்றியம் நேர்மாறு. 2019 டிசம்பர் 14 முதல் வெளிநாட்டிலிருந்து வரும் நடவு விதைக்கு, பயணியின் பையில் இருந்தாலும், சான்றிதழ் கட்டாயம். இந்தியாவும் அமெரிக்காவைப் போல வீட்டுத் தோட்டக்காரர்களுக்கென்று ஒரு சிறு அனுமதியை உருவாக்கினால் நல்லது. வழி குறுகலாக இருப்பதால்தான் பலர் ஒளித்துக் கொண்டுவருகிறார்கள். ஆனால் அது வரும்வரை இருக்கும் சட்டமே சட்டம்.

முட்டத்து மணலில் எது நிற்கும்

அனுமதி கிடைத்தாலும் ஒரு கேள்வி மிஞ்சும்: விதை இங்கே காய்க்குமா? பொட்டலத்துப் படத்தைப் பார்த்து ஏமாறுபவர்கள்தான் அதிகம்.

முட்டம் 8 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. ஆண்டின் மிக நீண்ட பகலே இங்கே பன்னிரண்டரை மணி நேரத்தைக் கொஞ்சம்தான் தாண்டும். ஐரோப்பாவின் வெங்காய ரகங்கள் பதினான்கு மணி நேரப் பகலைக் கண்டால்தான் காய் கட்டும். முட்டத்தில் அவை தாளாக நீண்டுகொண்டே போகுமே தவிர வெங்காயம் வராது. உரம் எவ்வளவு போட்டாலும் பயனில்லை. தக்காளியில் இன்னொரு சிக்கல். இரவு வெப்பம் 24 டிகிரிக்கு மேலேயே நின்றால் பூ காயாகாமல் உதிரும். குளிர்நாட்டுக்காகத் தேர்ந்தெடுத்த பெரிய பழ ரகங்கள் கடற்கரை வெக்கையில் இலையாக மட்டுமே வளரும். செர்ரித் தக்காளி வகைகள் ஓரளவு தாங்கும். பிரஸ்ஸல்ஸ் முளைக்கோசும் ரூபார்பும் குளிர் இல்லாமல் தேறாது. கடற்காற்றின் உப்பு வேறு. தென்மேற்குப் பருவத்தில் கலங்கரை விளக்கப் பக்கத்து வீட்டு மாடிகளில் இலை ஓரம் கருகுவதைப் பார்க்கலாம்.

மாறாக, குறும்பகலும் ஈரப்பதமும் கேட்கும் பயிர்கள் இங்கே செழிக்கும். கேரளத்தில் சதுரப்பயறு என்று சொல்லும் சிறகவரை அதில் ஒன்று. அதற்குக் கடல் தாண்ட வேண்டியதில்லை. திருவனந்தபுரத்தை அடுத்த வெள்ளாயணியில் கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் கல்லூரி இருக்கிறது. அங்கே உருவான ‘வெள்ளாயணி ஜோதிகா’ நீளப்பயறு இந்தக் காற்றுக்கும் மழைக்கும் பழகியது. அதே பல்கலைக்கழகத்தின் ‘பிரீத்தி’ பாகலும் ‘கௌமுதி’ புடலையும் குமரிக்குப் பொருந்தும். நம் மாவட்டத்துக்குள்ளேயே பேச்சிப்பாறையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் உண்டு. மரச்சீனி, சேம்பு, சேனை வேண்டுபவர்கள் திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் 1963 முதல் இயங்கும் மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிறுவனத்தை அணுகலாம். பெங்களூரு ஹெசரகட்டாவின் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் ‘அர்கா’ வரிசை விதைகளை இணையத்திலேயே விற்கிறது. நரம்புத் தேமலைத் தாங்கும் வெண்டை ‘அர்கா அனாமிகா’ அவர்களுடையதே.

வெளிநாட்டுக் காய்தான் வேண்டும் என்றாலும் பெரும்பாலானவை ஏற்கெனவே நாட்டுக்குள் வந்துவிட்டன. சுக்கினி, பாக்சோய், கேல், லெட்யூஸ், இத்தாலியத் துளசி ஆகியவற்றை இந்திய நிறுவனங்கள் முறையாக அனுமதி வாங்கி இறக்கி, சிறு பொட்டலங்களாக விற்கின்றன. வீட்டுத் தோட்டக்காரருக்கு இதுவே சரியான வழி. அந்த நிறுவனம் மொத்தச் சரக்குக்குச் சோதனையும் சான்றிதழும் முடித்துவிட்டது. வாங்குபவர் பொட்டலத்தை மட்டும் படித்தால் போதும்.

படிக்க வேண்டியதையும் சொல்லிவிடலாம். இறக்குமதி விதை என்றால் இறக்குமதி செய்தவரின் பெயரும் முகவரியும், எந்த நாடு என்பதும் இருக்க வேண்டும். லாட் எண், முளைப்புத் திறன், புறத்தூய்மை, சோதனை நாள், காலாவதி நாள் இருக்க வேண்டும். பொதுவாகச் சோதனை நாளிலிருந்து ஒன்பது மாதம்வரை செல்லும். இந்தியத் தரத்தின்படி குறைந்தபட்ச முளைப்புத் திறன் தக்காளிக்கும் கத்தரிக்கும் 70 சதவீதம், வெண்டைக்கு 65, மிளகாய்க்கும் பாகலுக்கும் 60. சான்று விதைக்கு நீல அட்டை. உண்மைநிலை விதைக்கு வெளிர்பச்சை அட்டை. விற்பவருக்கு 1983ஆம் ஆண்டின் விதைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி உரிமம் வேண்டும். ரசீதும் தர வேண்டும். முகநூலில் பிளாஸ்டிக் கவரில் பத்து விதை போட்டு ‘இம்போர்ட்டட் ரேர்’ என்று விற்பவரிடம் இதில் எதுவுமே இருக்காது. அங்கே பணத்தைக் கொடுக்க வேண்டாம்.

கேட்காமல் வந்த பொட்டலம்

2020 ஜூலையில் அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான வீடுகளுக்கு, யாரும் ஆர்டர் செய்யாத விதைப்பொட்டலங்கள் தபாலில் வந்தன. பெரும்பாலும் சீன முகவரி. மேலே ‘நகை’ என்றெல்லாம் எழுதியிருந்தது. இணைய விற்பனையில் பொய்யாக விற்பனைக் கணக்கும் பாராட்டும் சேர்க்கும் மோசடியின் பகுதியாக இருக்கலாம் என்று அந்நாட்டு வேளாண் துறை சொன்னது. 2020 ஆகஸ்டில் இந்திய வேளாண் அமைச்சகமும் மாநில அரசுகளுக்கும் விதைத் தொழில் அமைப்புகளுக்கும் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது.

முட்டத்தில் ஒரு வீட்டு வாசலுக்கு அப்படி வந்தால் பொட்டலத்தைத் திறக்க வேண்டாம். விதைக்கவும் வேண்டாம், குப்பையிலோ கொல்லையிலோ வீசவும் வேண்டாம். குப்பைமேட்டில் மழை பட்டால் முளைத்துவிடும். கவரோடு, முகவரிச் சீட்டோடு அப்படியே ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தில் ஒப்படைத்துவிட வேண்டும். அங்கே வாங்கத் தயங்கினால் மீனம்பாக்கம் மண்டல நிலையத்துக்குத் தொலைபேசியில் சொல்லி, எங்கே கொடுக்க வேண்டும் என்று கேட்கலாம். தெரியாமல் விதைத்தே விட்டிருந்தால், செடியைப் பிடுங்கி வேரோடு கறுப்புப் பையில் கட்டி வைத்துவிட்டு, தொட்டி மண்ணையும் எங்கும் கொட்டாமல் அதே அலுவலகத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும். கையையும் கத்தரிக்கோலையும் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே அடுத்த செடியைத் தொட வேண்டும்.